தண்ணி குடியாத மணல்

போன வருசம் ஒக்டோபர் கடைசியில் முதல் மழை பெய்தபோது நான் விடுமுறைக்கு நிலாவெளியில் அம்மப்பா வீட்டில் நின்றேன். இரவு முழுக்கக் கூரைத் தகரத்தில் மழை கொட்டிய சத்தம். விடிய எழும்பி, வீட்டுக்குப் பின்னால் கடற்பக்கமாக இருக்கிற சவுக்கந்தோப்புக்குள் நடந்தேன். பள்ளங்களில் தண்ணீர் குட்டை குட்டையாகத் தேங்கி, மேலே சவுக்கஞ்சருகு மிதந்துகொண்டிருந்தது. பக்கத்து மேட்டில் காலை வைத்தால், மேல்மணல் விலகி உள்ளேயிருந்து காய்ந்த மணல் மாவு மாதிரிச் சிதறியது. ஒரு முழு இரவு மழைக்குப் பிறகு மணல் காய்ந்திருக்குமா? மணலில் தண்ணீர் தேங்குமா?

அம்மப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து பார்க்கக்கூட இல்லை.

"அது தண்ணி குடியாது பிள்ளை. உந்தச் சருகு விழுந்து விழுந்து மணல் எண்ணெய்ச் சட்டி மாதிரி ஆயிட்டுது. குளத்து மண் போட்டாத்தான் வழிக்கு வரும்."

சொல்லிவிட்டு அவர் வேலியைப் பார்க்கப் போய்விட்டார். எனக்கு அந்தக் கடைசி வசனம் தலைக்குள் நின்றுவிட்டது. நான் வரலாறு படிக்கிறவள், மண் விஞ்ஞானம் எனக்கு ஏழு கடல் தாண்டின விசயம். ஆனால் குளத்து மண் கதை வரலாற்றுக் கதைதான் என்று போகப் போகத் தெரிந்தது.

முதலில் எங்களுக்கு மணலைப் பற்றி என்ன தெரியும் என்று பார்த்தேன். மணற்கேணியை அறிவுக்கு உவமை சொன்ன குறளைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்யாத ஆள் இல்லை. அதில் மணல் என்பது தோண்டத் தோண்டத் தண்ணீர் தருகிற சாமான். திருகோணமலை வரலாறு என்று எடுத்தாலோ, எல்லாம் துறைமுகம்தான். 1624 இல் போர்த்துக்கேயர் கோட்டை கட்டியது, பிறகு ஒல்லாந்தர், 1782 இல் கொஞ்ச நாள் பிரெஞ்சுக்காரர், 1795 இல் ஆங்கிலேயர், 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பான் விமானங்கள் போட்ட குண்டு, இன்னும் அடிபட்டுக்கொண்டிருக்கிற எண்ணெய்க் குதங்கள். உள்ளூர் நூல் என்று பார்த்தால் கோணேசர் கல்வெட்டு குளக்கோட்டனையும் கோயிலையும் கந்தளாய்க் குளத்தையும் பேசுகிறது. துறைமுகத்துக்கு வடக்கே உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளி, குச்சவெளி என்று நீளுகிற மணல், இந்தக் கதைகளில் யாரோ வந்து இறங்குகிற இடமாக மட்டும் வரும். மணலுக்கென்று சொந்தமாக ஒரு பக்கம் கிடைத்தது புல்மோட்டையில்தான். அங்கே கறுப்பு மணலில் இல்மனைட் இருந்தது, 1957 இல் அதற்கொரு கூட்டுத்தாபனமே வந்தது. விற்கக்கூடிய மணலுக்கு வரலாறு உண்டு போல.

சரி, மணல் ஏன் தண்ணீரை உதறுகிறது? இலை, பட்டை, வேர் எல்லாவற்றிலும் மெழுகு இருக்கிறது. அவை உக்கும்போது அந்த மெழுகும், உக்கலைத் தின்னுகிற பூஞ்சணத்தின் கழிவும் மணற்பருக்கையைச் சுற்றி மெல்லிய தோலாகப் படிகின்றன. இது எந்த மண்ணிலும் நடக்கும். மணலுக்கு மட்டும் ஏன் இந்த வருத்தம் என்றால், அதன் மேற்பரப்பு அவ்வளவு குறைவு. ஒரு கிராம் பருமணலின் பருக்கைகளுடைய மேற்பரப்பையெல்லாம் சேர்த்து விரித்தால் கிட்டத்தட்ட ஒரு உள்ளங்கை அளவுதான் வரும். ஒரு கிராம் களியை அப்படி விரித்தால் ஒரு அறையின் தரையை மூடலாம். உள்ளங்கைக்குப் பூச எவ்வளவு மெழுகு வேணும்? மிகக் கொஞ்சம் போதும். அதுவும் மணல் ஈரமாக இருக்கும்வரை குணம் தெரியாது. கச்சான் காற்று மாதக்கணக்கில் அடித்து நன்றாகக் காய்ந்த பிறகுதான் காட்டும். எங்கட பக்கத்தில் வருசத்துக்குச் சுமார் 1600 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரை. ஆகவே மழை மிகவும் தேவைப்படுகிற அந்த முதல் வாரத்தில்தான் மணல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.

இதைச் சோதிக்க ஆய்வுகூடம் தேவையில்லை. காய்ந்த மணலைச் சமப்படுத்தி ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அது எத்தனை செக்கனில் உள்ளே போகிறது என்று பார்க்க வேண்டும். 5 செக்கனுக்குள் போனால் நல்ல மணல். ஒரு நிமிசத்தைத் தாண்டினால் கடுமை. ஒரு மணித்தியாலம் தாண்டியும் முத்து மாதிரி நிற்கிற மணலும் உலகத்தில் உண்டு.

இந்த நோய் எழுத்தில் எப்போது ஏறியது என்று தேடினால், ஆரம்பத்திலேயே வருகிற ஆவணம் 1910 இல், அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் ஷ்ரைனர், ஷோரே என்ற இருவர் கலிபோர்னியாவில் சரியாக நனைக்கவே முடியாத ஒரு மண்ணைப் பற்றி எழுதியது. அதற்குப் பிறகு பல வருசம் அது ஒரு விசித்திரம் என்ற அளவில் கிடந்தது. 1968 மே மாதம் கலிபோர்னியாவின் ரிவர்சைட்டில் இதற்கென்றே ஒரு ஆய்வரங்கு கூடியது. காட்டுத்தீக்குப் பிறகு மலைச்சரிவுகளில் மண் நனையாமல் வெள்ளமாக ஓடுவது, தோடந்தோட்டங்கள், புல்வெளிகள் என்று பல பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். நோய்க்குப் பெயர் வந்தது, அளவு வந்தது, மருந்தும் வந்தது. மருந்து என்றால் சவர்க்காரக் குடும்பத்தைச் சேர்ந்த திரவங்கள். தண்ணீரின் இழுவிசையைக் குறைத்து மெழுகின்மேல் பரவ வைக்கிறவை. இன்றைக்கும் கோல்ஃப் மைதானக்காரர்கள்தான் இதன் பெரிய வாடிக்கையாளர்கள். (வெங்காயம் போடுகிறவர் கட்டுப்படியாகாமல் விடுகிற மருந்தை, பந்து உருட்டுகிறவர் வருசா வருசம் தெளிக்கிறார். இதில் நான் என்ன சொல்ல.)

பெரிய அளவில் அடிபட்ட நாடு அவுஸ்திரேலியா. காட்டை வெட்டி வயலாக்கிய மணல் நிலங்கள் மேற்கிலும் தெற்கிலும் லட்சக்கணக்கான ஹெக்டேயர்களில் தண்ணீரை உதறின. விதை ஓரிடத்தில் முளைக்கும், அடுத்த அடியில் முளைக்காது. அங்கே 1960களின் கடைசியில், தென் அவுஸ்திரேலியாவின் முண்டுல்லா என்ற ஊரில், கிளெம் ஒப்ஸ்ட் என்ற விவசாயி மணல்மேட்டில் களிமண்ணைப் பரப்பினார். அந்த இடம் நனைந்தது, பயிர் எழும்பியது. அக்கம்பக்கத்தார் பார்த்துச் செய்தார்கள், பிறகு விஞ்ஞானிகள் வந்து அளந்தார்கள். ஹெக்டேயருக்கு 100 முதல் 300 தொன் வரை களி, மேல்மண்ணில் களியின் பங்கு 3 முதல் 5 சதவீதம் வரும் அளவுக்கு. களி மெழுகுத்தோலின்மேல் ஒட்டிக்கொண்டு, தண்ணீருக்குப் பிடிக்கிற புதிய முகத்தைப் பருக்கைக்குக் கொடுக்கிறது. எல்லாக் களியும் ஒரே மாதிரி வேலை செய்யாது, கயோலின் என்கிற வெண்களி வகை நன்றாகச் செய்யும் என்றும் கண்டுபிடித்தார்கள். ஒரு முறை ஒழுங்காகப் போட்டுக் கலந்தால் பல வருசம் நிற்கும். இன்று அந்தத் துறையில் யார் எழுதினாலும் ஒப்ஸ்டின் பெயர் எங்காவது வந்துவிடும்.

இதை வாசித்தபோது எனக்கு வந்த முதல் உணர்ச்சியை மறைக்க விரும்பவில்லை. "பாத்தியா, இதைத்தானே எங்கட அம்மப்பா சொன்னவர்" என்ற கோபம் கலந்த பெருமை. பேஸ்புக்கில் ஒரு பதிவு போட அது போதும். தலைப்புக்கூட ரெடி: வெள்ளைக்காரன் கண்டுபிடிக்கும் முன்னமே தமிழன். ஆனால் மூன்று வருசமாக வரலாறு படித்ததற்கு ஏதாவது பலன் வேண்டும் அல்லவா. பெருமைப்படுவதற்கு முன் ஆதாரம் எங்கே, அதில் உண்மையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது.

குளத்து வண்டலை வயலுக்கு ஏற்றுவது தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பழைய வழக்கம் என்பதில் சந்தேகமில்லை. 1800-1801 இல் மைசூர், கன்னடம், மலையாளம் பக்கமெல்லாம் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், 1807 இல் வெளியான தன் நூலில் குளத்துச் சேற்றை விவசாயிகள் வயலுக்குப் போடுவதை எழுதியிருக்கிறார். 1889 இல் இந்தியாவின் விவசாயத்தை ஆராய இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பட்ட இரசாயனவியலாளர் ஜோன் ஒகஸ்ரஸ் வோல்க்கர், 1893 இல் வந்த அறிக்கையில் குளத்து வண்டலைப் பற்றிப் பேசுகிறார். இரண்டு பேரும் அதை எந்தத் தலைப்பின் கீழ் வைத்தார்கள் தெரியுமா? உரம். சாணம், ஆட்டெரு, இலைகுழை, குளத்துச் சேறு என்று ஒரே வரிசையில். அவர்கள் பிழை விட்டார்கள் என்று சொல்ல வரவில்லை. வண்டலில் சத்து உண்டு, கொண்டு போட்டவர்களும் பெரும்பாலும் சத்துக்காகவே போட்டிருப்பார்கள். ஆனால் "உரம்" என்ற பெட்டிக்குள் போன பிறகு, அது தண்ணீருக்கும் மணலுக்கும் நடுவில் என்ன செய்தது என்று யாரும் கேட்கத் தேவையில்லாமல் போனது. யூரியா பை வந்த நாளிலிருந்து, உரம் என்று பதியப்பட்ட எல்லாவற்றையும் கழித்துவிடலாம் என்று ஆகிவிட்டது. ஒரு வேலைக்குப் பதிலாள் வந்ததும் மற்ற வேலையும் சேர்ந்து போய்விட்டது.

இன்னொன்றும் போனது. குளத்தில் மண் எடுத்தால் குளம் ஆழமாகும், போட்ட நிலம் கனக்கும். இரண்டும் ஒரே வண்டிலில் நடந்த காரியம். இலங்கையில் இராசகாரியம் 1832 ஐ ஒட்டி ஒழிக்கப்பட்ட பிறகு சிறு குளங்களின் பராமரிப்பு தளர்ந்ததைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். இராசகாரியம் கட்டாய வேலை, அது போனதற்கு அழத் தேவையில்லை. ஆனால் அந்த விவாதங்களில் குளத்துக்கு என்ன ஆனது என்பதுதான் வரும். குளத்திலிருந்து வெளியே போன மண்ணின் கதை வராது. தமிழ்நாட்டில் 2017 இல் குடிமராமத்துத் திட்டத்தைத் திரும்பத் தொடங்கியபோது, விவசாயிகள் வண்டலை இலவசமாக அள்ளிக்கொண்டு போகவும் வழி செய்தார்கள். பெயரளவிலாவது அந்த இரண்டு பக்கமும் அங்கே திரும்பச் சந்தித்தன.

அம்மப்பாவிடம் திரும்பி வந்தேன். இந்த முறை போனில் ரெக்கோர்ட் போட்டுக்கொண்டு. 1990 க்கு முன் எங்கட குடும்பத்துக்கு இரண்டு ஏக்கர் வெங்காயத் தோட்டம். நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்துச் சின்ன வெங்காயம் பேர் போனது, மணலும் கிணறும் அதன் மூலதனம்.

"குளத்து மண் எதுக்கு அம்மப்பா போட்டனீங்கள்? உரத்துக்கா, தண்ணி பிடிக்கவா?"

"உதென்ன கேள்வி பிள்ளை. வெறும் மணல் எலும்பு மாதிரி. அதுக்குக் கொஞ்சம் சதை வைக்கிறது. சதை இருந்தாத் தண்ணியும் நிக்கும், பசளையும் நிக்கும்."

என் இரண்டு பெட்டியிலும் அவர் பதில் அடங்கவில்லை. எத்தனை வண்டில் என்று கேட்டேன். ஒரு ஏக்கருக்கு நாலைந்து வருசத்தில் எழுபது வண்டில் அளவு, மேற்கே இருந்த சின்னக் குளங்கள் வத்துகிற ஆவணி, புரட்டாசியில் அள்ளுவார்களாம். வண்டிலுக்கு அரைத் தொன் என்று வைத்தால் ஏக்கருக்கு 35 தொன், ஹெக்டேயருக்குச் சுமார் 86 தொன். அவுஸ்திரேலியக் கணக்கின் கீழ் வரம்புக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. முப்பத்தைந்து வருசத்துக்கு முந்தின ஞாபகம், வண்டில் நிறையும் என் ஊகம், ஆகவே இந்தக் கணக்கில் யாரும் வீடு கட்ட வேண்டாம். ஆனாலும் அந்த எண்ணைக் கண்டபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன்.

1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியதும் குடும்பம் வெளிக்கிட்டது. காடு, முகாம், கடைசியில் வள்ளத்தில் மண்டபம். வண்டிலும் மாடும் நின்ற இடத்தில் விட்டதுதான். திரும்பி வந்தபோது அம்மப்பாவுக்கு அறுபது தாண்டிவிட்டது, மாமாமார் வெளிநாட்டில், குளங்களுக்குப் போகிற பாதை பற்றைக்காடு. இது ஒரு குடும்பத்தின் கதை. அந்தக் கரையோரத்தில் எத்தனை வளவில் இதே மாதிரி நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு தொழில்முறை மறைய அதைத் தெரிந்தவர்கள் சாக வேண்டியதில்லை. பத்துப் பதினைந்து வருசம் அவர்களை அந்த நிலத்திலிருந்து தள்ளி வைத்தால் போதும்.

சவுக்கு வந்த கதை வேறு. அது அவுஸ்திரேலியாவின் வடக்கையும் தென்கிழக்காசியாவையும் சொந்த ஊராகக் கொண்ட மரம். 19 ஆம் நூற்றாண்டில் சென்னைப் பக்கத்துக் கரையோரத்தில் விறகுக்காகப் பெரிய தோட்டங்களாக நட்டார்கள், ரயில் எஞ்சினும் அதைத் தின்றது. எங்கட கரையில் அது பழைய ஆள்தான், ஆனால் 2004 டிசம்பர் 26 க்குப் பிறகு இலங்கைக் கரையோரமெங்கும் காப்பு வேலியாகச் சவுக்கு நடுவது ஒரு வேகத்தோடு நடந்தது. நட்டவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அந்தக் கடலைப் பார்த்தவர்கள் எதையாவது நடாமல் இருந்திருக்க முடியாது. ஆனால் சவுக்கஞ்சருகு மெழுகுப் பண்டம், கீழே மணல். ருகுணைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லீலாமணி, இலங்கைக் கரையோரச் சவுக்குத் தோப்பின் மணல் தண்ணீரை விலக்குவதை அளந்து 2016 இல் எழுதியிருக்கிறார். அம்மப்பா ஒரே பார்வையில் சொன்னதும் அதுதான். மரமும் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்து, மருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்து வர வேண்டுமாக்கும் என்று நினைத்துச் சிரித்தேன்.

இதனால் என்ன நட்டம் என்று கேட்பீர்கள். பயிர் நட்டம் ஒரு பக்கம். மற்றப் பக்கம் கிணறு. மூர்மனும் பானபொக்கேயும் 1961 இல் இலங்கை மண்களை வகைப்படுத்தியபோது இந்தக் கரையோர மணல்களை ரெகோசோல் என்று பெயரிட்டார்கள். அதே பானபொக்கே பிற்காலத்தில் இலங்கையின் நிலத்தடி நீரை வகைப்படுத்தியபோது கரையோர மணல்நீரைத் தனி வகையாகவே வைத்தார். அந்த நன்னீர் உவர்நீரின்மேல் ஒரு வில்லை மாதிரி மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 அடி நிற்கும் என்பது பழைய கணக்கு. மேலே ஒரு அடி குறைந்தால் கீழே என்ன ஆகும் என்பதை நீங்களே பாருங்கள்.

மணல் நனையாவிட்டால் கிணற்றுக்குத் தண்ணீரே போகாது என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். அப்படி நேர்கோடு இல்லை. ஒல்லாந்து நாட்டு மணற்குன்றுகளில் வேலை செய்த டெக்கரும் ரிட்செமாவும் 1994 இல் காட்டியபடி, தண்ணீர் பரவலாக இறங்காமல், பலவீனமான சில இடங்களில் விரல் விரலாகப் பாய்ந்து இறங்குகிறது. விரலுக்கு விரல் நடுவில் மணல் காய்ந்தே கிடக்கும். மழைத்தண்ணீர் கொஞ்சம் நிலத்தடிக்குப் போகத்தான் செய்கிறது. ஆனால் வேர் இருக்கிற இடத்தில் நிற்காமல், போட்ட பசளையையும் கழுவிக்கொண்டு, வேகமாகப் போகிறது. யாழ்ப்பாணத்திலும் கற்பிட்டியிலும் கிணற்றில் நைத்திரேற்று என்று நாங்கள் பத்திரிகையில் வாசிக்கிற பிரச்சினைக்கு இது முழுக் காரணம் இல்லை, பசளையின் அளவே பெரிய காரணம். ஆனால் தண்ணீர் பிடியாத மணலில் ஆழக் குடிக்கிறது பயிர் அல்ல, கிணறு. அந்தக் கிணற்றில்தான் நாங்களும் குடிக்கிறோம்.

கடைசியாக என் "ஆய்வு". தோப்பு மணலையும், அம்மப்பா முன்பு குளத்து மண் போட்ட பழைய தோட்டத்து மணலையும் இரண்டு தட்டில் காயவைத்து, கண்மருந்துப் போத்தலால் சொட்டு விட்டேன். தோட்டத்து மணலில் சொட்டு விழுந்ததும் மறைந்தது. தோப்பு மணலில் முதல் சொட்டு இரண்டு நிமிசம் தாண்டியும் உருண்டையாக நின்றது. இதிலிருந்து குளத்து மண்தான் காரணம் என்று சொல்ல முடியாது. தோட்டம் உழுத நிலம், இறைத்த நிலம், மேலே சவுக்குச் சருகு விழாத நிலம். நான்கு வேறுபாடு இருக்கும்போது ஒன்றைப் பிடித்துக் காரணம் என்று சொன்னால் எங்கட விரிவுரையாளரே கட்டுரையைத் திருப்பித் தருவார்.

அதனால் வளவுக்குள் தோப்போரமாக இரண்டு பாத்தி வெட்டியிருக்கிறோம். ஒவ்வொன்றும் 3 சதுர மீற்றர், மணல் ஒரே மணல். ஒன்றில் குளத்து மண், மற்றதில் ஒன்றும் இல்லை. குளத்தில் மண் எடுக்க அனுமதி வேண்டும், ஒரு உழவு மெசின் பெட்டி மண்ணுக்கே கதவு கதவாக ஏற வேண்டும் என்பதால், பக்கத்தில் குளம் திருத்துகிற இடத்தில் கேட்டுச் சாக்கில் வாங்கி வந்தேன். ஹெக்டேயருக்கு 200 தொன் என்றால் சதுர மீற்றருக்கு 20 கிலோ, பாத்திக்கு 60 கிலோ. நாலு சாக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி, மச்சானின் மோட்டார்சைக்கிளில் இரண்டு ஓட்டமாகக் கொண்டுவந்து இறக்கினோம்.

அம்மப்பா கதிரையைப் பாத்திக்குக் கிட்ட இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு கட்டியை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார்.

"நல்ல மண்தான். ஆனா கட்டி உடையாமப் போடக்கூடாது. ஒரு வெயில் காயவிட்டு உடை, பிறகு மணலோட கொத்திக் கலக்கு. சும்மா மேல பரவி விட்டியெண்டா ஓடு மாதிரிக் காஞ்சு நிக்கும்."

கட்டிகள் இப்போது படங்கில் காய்கின்றன. அடுத்த மழை வந்ததும் சொட்டுப் போத்தலோடு திரும்பவும் போவேன், எண்ணியதை இங்கேயே எழுதுகிறேன்.